படகு இயந்திரத்தில் தேய்ந்தது எது என்று அளந்து பார்த்து மாற்றுங்கள்

ஆசிரியருக்கு,

வாடைக் காற்று தொடங்கியதும், இயந்திரம் நின்றுபோய்க் கரை திரும்ப முடியாமல் தத்தளித்த படகுகள் பற்றிய செய்தி உங்கள் பத்திரிகையில் ஆண்டுதோறும் வருகிறது. 'இயந்திரக் கோளாறு' என்ற இரண்டு சொல்லோடு விஷயம் முடிந்துவிடும். அந்தக் கோளாறு என்ன, ஒரு மாதத்துக்கு முன்பே கரையில் வைத்துக் கண்டுபிடித்திருக்கலாமா என்று எவரும் எழுதுவதில்லை. யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில், படகின் பின்புறத்தில் மாட்டும் வெளியிணைப்பு இயந்திரங்களைத் திருத்தும் தொழிலில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் குறைக்காமல் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ஐத் தொட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. புது இயந்திரம் வாங்கும் எண்ணத்தையே பலர் கைவிட்டது அப்போதிருந்துதான். பழைய 15 குதிரைவலு இயந்திரத்தையே வைத்துத் தொழில் செய்வதில் தவறொன்றும் இல்லை. இரண்டு சிலிண்டர், 246 கன சென்ரிமீற்றர், 56 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிஸ்டன் என்று யமஹா 15 இன் அமைப்பு மிக எளியது. முறையாகப் பார்த்தால் இன்னும் பல ஆண்டு ஓடும். பிழை எங்கே நடக்கிறது என்றால், உடைந்த பாகத்தை மாற்றுகிறோம், அதை உடைத்த பாகத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். பிஸ்டன் பிடித்துவிட்டது, அதாவது சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிட்டது என்று புதுப் பிஸ்டன் போட்ட இயந்திரம் அடுத்த பருவத்திலேயே மறுபடியும் பிடித்துக்கொண்டு வருகிறது. காரணம் பெரும்பாலும் கீழே தண்ணீர் பம்பில் இருக்கும்.

ஆகவே தண்ணீரில் இருந்தே தொடங்குகிறோம். இயந்திரத்தின் பக்கத்தில் பீச்சும் நீர்த்தாரையைப் பார்த்து 'தண்ணி வருது' என்று திருப்திப்படுவது போதாது. ஓட்டம் குறைவாக இருக்கையில் தாரை சொட்டுச் சொட்டாக வந்து, வேகம் கூட்டினால் மட்டும் நன்றாகப் பீச்சினால் இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுற்றி நீரைத் தள்ளும் றப்பர்ச் சக்கரம், தேய்ந்துவிட்டது. மறுபுறம், மெதுவான ஓட்டத்தில் நன்றாக வந்து வேகத்தில் நின்றுபோனால் உறிஞ்சு துளையில் பொலித்தீனோ பாசியோ அடைத்திருக்கும், அல்லது பம்பு எங்கோ காற்றை இழுக்கிறது. தாரை அடியோடு இல்லையென்றால் பம்பைக் கழற்றுமுன் அந்தச் சிறு துவாரத்துக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். உப்புக் கட்டி அடைத்திருப்பதும் சாதாரணம்.

எங்கள் கடனீரேரியும் பாக்குநீரிணைக் கரையும் ஆழம் குறைந்தவை. படகைத் தள்ளி இறக்கும்போதே இயந்திரத்தை இயக்குவதால் மணல் உள்ளே போகிறது. இம்பெல்லரின் றப்பர் மடல் நுனி தேய்வது ஒருபுறம், அது உரசி ஓடும் துருப்பிடிக்காத இரும்புக் கிண்ணமும் அடித்தட்டும் கீறல் விழுவது மறுபுறம். இம்பெல்லரை மட்டும் புதிதாகப் போட்டு, கீறிய தட்டை விட்டுவைத்தால் புது மடல் சில வாரத்தில் பழைய மடலின் கதிக்கு வந்துவிடும். சோதிப்பது சுலபம். நகத்தைத் தட்டின் மேல் குறுக்கே இழுங்கள். நகம் தடுக்கினால் தட்டு மாற்ற வேண்டியது. மடலை விரலால் வளைத்து விடுங்கள். நேராக நிமிராமல் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றால், வேரில் வெடிப்புத் தெரிந்தால், அல்லது நுனி தட்டையாகப் பளபளத்தால் இம்பெல்லரின் காலம் முடிந்தது. நாள்தோறும் தொழிலுக்குப் போகும் படகில் ஆண்டுக்கு ஒருமுறை, பார்க்க நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுவதே நல்லது.

ஒரு மடல் முறிந்து காணாமல் போயிருந்தால் அந்தத் துண்டு எங்கே போனது என்று தேடாமல் மூடவே கூடாது. அது நீர்க்குழாய் வழியாக மேலே ஏறி, சிலிண்டரைச் சுற்றிய நீர்வழியில் அல்லது சூட்டுக்கேற்ப நீர்வழியைத் திறந்து மூடும் தேர்மோஸ்டாட்டின் வாயில் போய் உட்கார்ந்துகொள்ளும். புது இம்பெல்லரும் புதுத் தட்டும் போட்ட பிறகும் சூடேறுகிறது என்று வரும் இயந்திரங்களில் இதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

மாற்றும் முறை: கியரை எந்த நிலையில் வைத்துக் கழற்றினீர்களோ அதே நிலையில் பூட்ட வேண்டும் என்பதால் முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கியர்த் தண்டின் இணைப்பைக் கழற்றி, கீழ்ப்பகுதியைப் பிடிக்கும் போல்ட்டுகளை எடுத்தால் கியர்ப் பெட்டி நேரே கீழே இறங்கும். போல்ட் அசையாவிட்டால் நீளக் குழாய் மாட்டி முறுக்காதீர்கள். அலுமினியத்துக்குள் உப்பில் இறுகிய இரும்பு போல்ட் முறிந்தால் பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, மறுநாள் போல்ட் இருக்கும் அலுமினியப் பகுதியை மெதுவாகச் சூடாக்கி, தலையில் சுத்தியலால் தட்டி, இறுக்கும் பக்கம் ஒரு நூலளவும் கழற்றும் பக்கம் ஒரு நூலளவுமாக ஆட்டி எடுக்க வேண்டும். சூடாக்குமுன் எண்ணெயை நன்றாகத் துடைத்து, எரிபொருள் தாங்கியைத் தூர வையுங்கள்.

புது இம்பெல்லரைச் சவர்க்கார நீர் தடவி, தண்டிலுள்ள சாவியில் சரியாக உட்காரவைத்து, கிண்ணத்தை மேலிருந்து அழுத்திக்கொண்டே தண்டை வலம்சுழியாகத் திருப்புங்கள். மேலிருந்து பார்க்கையில் தண்டு வலம்சுழியாகச் சுற்றுவதால் மடல்கள் அதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து படியவேண்டும். இடம்சுழியாகத் திருப்பிப் பூட்டினால் இயங்கத் தொடங்கும் கணத்தில் மடல்கள் மறுபக்கம் முறுக்கப்பட்டு வேரில் வெடிக்கும். மேலே ஏற்றும்போது நீர்க்குழாயின் நுனி றப்பர் வளையத்துக்குள் போய் உட்கார்ந்ததா என்று கைவிளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். தண்டின் பல்லுக்குக் கிறீஸ் பூசுங்கள், உச்சி முகப்பில் பூசாதீர்கள். அங்கே கிறீஸ் சேர்ந்தால் தண்டு முழுதாக உள்ளே ஏறாது. போல்ட்டுகள் அனைத்துக்கும் கடல்நீர் தாங்கும் கிறீஸ் தடவிப் பூட்டினால் அடுத்த ஆண்டு இந்தப் பாடு இராது. பூட்டியபின் தண்ணீர் இல்லாமல் 'ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பம்' என்பது வேண்டவே வேண்டாம். காய்ந்த இம்பெல்லர் எரிந்து போக ஒரு நிமிடம்கூட எடுக்காது. பெரிய டிரம்மில், உறிஞ்சு துளைகளுக்கு நன்றாக மேலே, புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டு மூழ்கும் அளவுக்கு நீர் நிரப்பிச் சோதியுங்கள்.

அடுத்தது தேர்மோஸ்டாட். இதைப் பற்றி எங்கள் தொழிலிலேயே ஒரு தவறான பழக்கம் வேரூன்றிவிட்டது. சூடேறுகிறது என்றால் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மூடுகிறார்கள். பெற்றோலில் ஓடும் இயந்திரம் அதை ஓரளவு தாங்கும். மண்ணெண்ணெயில் ஓடுவது தாங்காது. மண்ணெண்ணெய் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். சிலிண்டர் குளிர்ந்தே இருந்தால் எரியாத மண்ணெண்ணெய் துளியாகப் படிந்து சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிவிடும். பிஸ்டனைச் சுற்றியுள்ள றிங்கும் சிலிண்டரும் உலோகத்தோடு உலோகம் உரசித் தேயும், பிளக் கரி பிடிக்கும், எரிபொருளும் வீணாகும். 340 ரூபாய்க்கு மண்ணெண்ணெய் ஊற்றிய நாட்களில் இந்த ஒரு சிறு பாகம் இல்லாததால் எவ்வளவு காசு புகையாகப் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தேர்மோஸ்டாட்டைச் சோதிக்கப் பட்டறை தேவையில்லை. ஒரு நூலில் கட்டி, வெப்பமானியுடன் தண்ணீர்ச் சட்டியில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். இந்த அளவு இயந்திரங்கள் பலவற்றில் அது 50 பாகை செல்சியஸ் அளவில் திறக்கத் தொடங்கி 60 பாகையளவில் முழுதாகத் திறக்கும். உங்கள் இயந்திரத்துக்குரிய அளவு அதன் உடலிலோ கைந்நூலிலோ இருக்கும். குளிர்ந்தும் மூடாவிட்டாலும் கொதித்தும் திறக்காவிட்டாலும் புதிது போடுங்கள், கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் காஸ்கெற்றையும் சேர்த்து.

தண்ணீர்ப் பகுதி சரியென்று உறுதியான பிறகே மேலே போகவேண்டும். சிலிண்டரின் நிலையை அறியக் கழற்றத் தேவையில்லை, அமுக்கமானி ஒன்று போதும். இயந்திரத்தைச் சிறிது ஓட்டிச் சூடாக்கி, இரண்டு பிளக்கையும் எடுத்து, பிளக் வயர்களை உடலோடு சேர்த்துப் பூமியிட்டு, வேகக் கட்டுப்பாட்டை முழுதாகத் திறந்துவைத்து, கயிற்றை நாலைந்து தடவை ஒரே வேகத்தில் இழுங்கள். மானி காட்டும் உச்ச எண்ணைக் குறியுங்கள். பெற்றோல் இயந்திரத்துக்கும் மண்ணெண்ணெய் இயந்திரத்துக்கும் இந்த எண் ஒன்றல்ல. மண்ணெண்ணெய் வெடிதட்டும் தன்மையுள்ளதால் அதற்கென வந்த இயந்திரத்தின் அமுக்கம் குறைவாகவே அமைக்கப்பட்டிருக்கும். ஆகவே பக்கத்துப் படகின் எண்ணோடு ஒப்பிடாமல், உங்கள் இரண்டு சிலிண்டரையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். 10 வீதத்துக்குள் வேறுபாடு என்றால் கவலையில்லை. 15 வீதத்தைத் தாண்டினால் சிலிண்டரின் தலையைக் கழற்றும் நேரம் வந்துவிட்டது. ஒன்று 110, மற்றது 85 என்று காட்டும் இயந்திரத்தை வாடைக்குக் கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது.

தலையைக் கழற்றியதும் காஸ்கெற்றைப் பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கு நடுவிலோ நீர்வழிக்கும் சிலிண்டருக்கும் இடையிலோ கருகிய கோடு தெரிந்தால் அமுக்கம் போன வழி அது. அந்தச் சிலிண்டரின் பிளக் மற்றதைவிட வெளுப்பாக, நீராவியில் கழுவியதுபோல் இருக்கும். தலையின் முகம் நெளிந்திருக்கிறதா என்று நேர்க்கோலை வைத்து இடைவெளிமானியால் பார்க்க வேண்டும். 0.1 மில்லிமீற்றரைத் தாண்டினால் காஸ்கெற் நிற்காது. தடித்த கண்ணாடித் தட்டில் 400 ஆம் இலக்க நீர்க்கடதாசியை விரித்து, தலையை எட்டு வடிவில் தேய்த்து, 600 இல் முடித்தால் முகம் சமமாகும். இரண்டு காஸ்கெற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுச் சமாளிப்பதைச் சிலர் செய்கிறார்கள். மண்ணெண்ணெய்க்கு அமுக்கம் குறைக்கிறோம் என்று சொல்லிப் பெற்றோல் இயந்திரத்திலும் அப்படிச் செய்கிறார்கள். அது கசிவுக்கு இன்னொரு வழியைத் திறந்துவிடுவதுதான்.

பிஸ்டனின் பக்கத்துக் கீறல் காரணத்தைச் சொல்லிவிடும். வெளியேற்றுத் துவாரப் பக்கம் மட்டும் உருகி இழுத்திருந்தால் வெப்பம் அல்லது எரிபொருள் பற்றாக்குறை. சுற்றிவரக் கீறியிருந்தால் ஒயில் இல்லை அல்லது ஒயில் பிழை. நாலு மூலையில் மட்டும் கோடு விழுந்திருந்தால், குளிர்ந்த இயந்திரத்தை எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள். இதைப் பார்க்காமல் பழைய பிஸ்டனைக் குப்பையில் போடாதீர்கள்.

றிங் தேய்வை அளக்க, றிங்கைச் சிலிண்டருக்குள் இட்டு, பிஸ்டன் தலையால் 20 மில்லிமீற்றர் அளவுக்கு நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை இடைவெளிமானியால் பாருங்கள். இந்த அளவுச் சிலிண்டரில் புது றிங் 0.15 முதல் 0.35 மில்லிமீற்றர் வரை காட்டும். அரை மில்லிமீற்றரைத் தாண்டிவிட்டால் மாற்றவேண்டியதுதான். புது றிங்கும் அதே அளவு காட்டினால் தேய்ந்தது றிங் அல்ல, சிலிண்டர். மேல், நடு, அடி என மூன்று இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து, மேலுக்கும் அடிக்கும் 0.08 மில்லிமீற்றருக்கு மேல் வேறுபாடு இருந்தால், அல்லது வட்டம் 0.05 க்கு மேல் கோணியிருந்தால், கடைந்து 0.25 அல்லது 0.50 கூடிய பிஸ்டன் போடவேண்டும். தேய்ந்த சிலிண்டரில் புது றிங் மட்டும் போடுவது காசைக் கடலில் கொட்டுவது.

பூட்டும்போது பிஸ்டன் தலையிலுள்ள மேல்குறி, இயந்திரத்தின் உச்சியிலுள்ள பறக்கும் சக்கரத்தின் பக்கம் நோக்கவேண்டும். றிங்கில் எழுத்துப் பொறித்த முகம் மேலே, வாய் பள்ளத்திலுள்ள சிறு ஊசியில் சரியாக அமரவேண்டும். ஊசிக்கு விலகி உட்கார்ந்த றிங், சிலிண்டரை இறக்கும்போதே முறியும் அல்லது துவாரத்தில் மாட்டும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் வளையக் கிளிப்பை ஒருமுறை கழற்றினால் மறுபடி பாவிக்காதீர்கள். புதுப் பிஸ்டனோ றிங்கோ போட்டபின் முதல் 10 மணித்தியாலம் பழக்க ஓட்டம். வழக்கமாக 50 க்கு 1, அதாவது லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் ஒயில் கலப்பவர், அந்தக் காலத்தில் 25 க்கு 1, லீற்றருக்கு 40 மில்லிலீற்றர் கலக்கவேண்டும். முழு வேகத்தில் தொடர்ந்து இழுக்கக் கூடாது. ஒயில் டி.சி.-டபிள்யூ.3 தரம் என்று போத்தலில் அச்சிட்டிருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு வரும் 2ரி ஒயில் காற்றில் குளிரும் சூடான இயந்திரத்துக்கானது, அதன் சாம்பல் நீரில் குளிரும் இயந்திரத்தின் றிங் பள்ளத்தில் இறுகிவிடும்.

எரிபொருள் பகுதியில் மிக அதிகமாக ஏமாற்றுவது பம்பின் மெல்லிய சவ்வு. கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பில் அது ஆடி எரிபொருளை இழுக்கிறது. ஆண்டுகள் போகப் போக விறைத்துவிடும். கடலில் வேகம் கூட்டினால் இயந்திரம் தளர்கிறது, எரிபொருள் குழாயிலுள்ள கை பம்பை அமுக்கிக்கொண்டே இருந்தால் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் சவ்வுதான். சவ்வில் ஊசித் துளை விழுந்தால் எரிபொருள் நேரே கிராங்க் அறைக்குள் கசியும். அப்போது ஒரு சிலிண்டரின் பிளக் மட்டும் எப்போதும் நனைந்திருக்கும். இதை எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரின் பிழை என்று நினைத்து அதன் ஜெற்றை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. சவ்வை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அதற்கு முன், செலவில்லாத சோதனை ஒன்று: தாங்கி மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, கை பம்பு அமுக்கினால் இறுகி அப்படியே நிற்கிறதா, இயந்திரத்தில் மாட்டும் இணைப்பின் ஓ றிங் வெடிக்காமல் இருக்கிறதா. குழாயின் நடுவே ஒரு சாண் ஊடுதெரியும் குழாய் போட்டு ஓட்டினால், குமிழி போகிறதா என்று கண்ணாலேயே காணலாம்.

காபரேற்றரில் தேய்வது ஊசி வால்வு. அதன் கூம்பு நுனியில் ஒரு வளையக் கோடு விழுந்திருந்தால் மிதவை அறை வழிந்துகொண்டே இருக்கும். காபரேற்றர் வாய் வழியே எரிபொருள் பின்னோக்கித் தெறித்தால் குற்றம், கலவையை உள்ளே மட்டும் விடும் றீட் வால்வில். மடல் நுனி உடைந்திருக்கும் அல்லது இருக்கையை விட்டு எழும்பி நிற்கும். மண்ணெண்ணெய் பாவிப்பவர் கரைக்கு வருமுன் பெற்றோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்டி நிறுத்தவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தெரிந்தும் செய்யாததால்தான் காலையில் கயிறு இழுத்து இழுத்து, இழுவைச் சுருளும் கயிறும் முதலில் போகின்றன.

மெதுவான ஓட்டத்தில் இயந்திரம் தானே வேகம் கூடிக் குறைந்தால், காபரேற்றரைத் தொடுமுன் கிராங்க் தண்டின் மேல் சீலை, அதாவது தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் றப்பர் வளையத்தை, சந்தேகியுங்கள். அது பறக்கும் சக்கரத்தின் அடியில் இருக்கிறது. தேய்ந்தால் அங்கே காற்று புகுந்து கலவை மெலிந்து, மேல் சிலிண்டரின் பிஸ்டன் எரியும். சக்கரத்தைக் கழற்ற இழுப்பான் வேண்டும். சுத்தியலால் தட்டினால் காந்தம் உதிரும், கிராங்க் நுனி கெடும். மீண்டும் பூட்டும்போது கூம்பு எண்ணெயின்றி உலர்ந்திருக்க வேண்டும்.

மின்பொறிப் பகுதி பற்றி அதிகம் இல்லை. பிளக்கின் இலக்கத்தைச் சரியாக வாங்குங்கள். என்.ஜி.கே. பிளக்கில் எண் குறையக் குறைய பிளக் சூடாக நிற்கும், 7 ஐவிட 6 சூடு கூடியது. பின்னால் 10 என்றிருந்தால் வாய் 1 மில்லிமீற்றர். சூடேறியதும் பொறி நின்று, ஆறியதும் திரும்ப வந்தால் சக்கரத்துக்கு அடியிலுள்ள சுருளைச் சூடாக இருக்கும்போதே ஓம்மானியால் அளக்க வேண்டும். குளிர்ந்தபின் அளந்தால் சரியென்றே காட்டும். பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான சி.டி.ஐ. பெட்டியைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும், விலை அதிகமானதும் அதுவே.

கியர்ப் பெட்டிக்கு வருகிறோம். அடித் திருகைக் கழற்றி, முதல் சில துளிகளை ஒரு வெள்ளைத் தட்டில் பிடியுங்கள். கறுத்த ஒயில் பரவாயில்லை. பால் போல் வெளுத்திருந்தால் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. திருகின் காந்தத்தில் அல்லது விரலுக்கிடையில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பான தேய்வு. கண்ணுக்குத் தெரியும் சில்லு வந்தால் பல் உடைகிறது, பெட்டியைத் திறக்க வேண்டும்.

நீர் புகுவதற்குப் பெரும்பாலான காரணம் தங்கூசி, அதாவது நைலோன் மீன்பிடி நூல். புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்ட நூல் தண்டோடு சுழன்று, சீலின் உதட்டை அறுத்துவிடுகிறது. வாரம் ஒருமுறை புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். சீலை மாற்றும்போது தண்டைத் துடைத்து, சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பழைய சீலின் உதடு பல ஆண்டு உரசிய இடத்தில் தண்டைச் சுற்றி மயிரிழைப் பள்ளம் விழுந்திருக்கும். புதுச் சீலின் உதடும் அதே பள்ளத்தில் போய் அமர்ந்தால் முதல் நாளே கசியும். இடமிருந்தால் சீலைச் சற்று முன்பின் தள்ளிப் புது இடத்தில் அமர்த்தலாம். இல்லையேல் தண்டு மாற்ற வேண்டும். சீல் இரண்டு இருக்கும். உதடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கழற்றுமுன்பே கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சீல் மாற்றியபின் ஒயில் விடுமுன் காற்றழுத்தச் சோதனை செய்யாமல் பூட்டக் கூடாது. மேல் துளையில் மானியுள்ள கைப்பம்பை இணைத்து, 1 பார் வரை, அதற்கு மேல் போகாமல், ஏற்றி நீரில் அமிழ்த்துங்கள். அழுத்தம் 10 செக்கனாவது இறங்காமல் நிற்கவேண்டும். குமிழி எங்கிருந்து வருகிறதோ அங்கே பழுது. புரொப்பெல்லர்த் தண்டில் வரலாம், மேல் தண்டுச் சீலில் வரலாம், கியர்த் தண்டின் ஓ றிங்கில் வரலாம். பிறகு 90 ஆம் இலக்கக் கியர் ஒயிலை அடித் துளை வழியாக, மேல் துளையில் வழியும்வரை அமுக்கி ஏற்றுங்கள். இந்த அளவுப் பெட்டிக்குச் சுமார் 250 மில்லிலீற்றர் பிடிக்கும். மேல் திருகை முதலில் பூட்டி, அதன்பிறகு குழாயை எடுத்து அடித் திருகைப் பூட்டவேண்டும். இரண்டுக்கும் புது வாசர். பழைய வாசரைத் திருப்பிப் போட்டுச் சேமிக்கும் காசு, பேரிங் ஒன்றின் விலையில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

முன் கியர் தானாக நழுவினால், கியரைத் தண்டோடு பிணைக்கும் கிளச்சுக் கட்டையின் மூலைகள் மழுங்கியிருக்கின்றன. மெதுவாக, தயங்கித் தயங்கிக் கியர் போடுவதே அதைத் தேய்க்கிறது. ஓட்டத்தைக் குறைத்து, ஒரே வீச்சில் போடுங்கள். இயந்திரம் வேகமெடுத்தும் படகு நகராவிட்டால் புரொப்பெல்லர் நடுவிலுள்ள றப்பர் வழுக்குகிறதோ என்று பாருங்கள். உள்வளையத்திலும் வெளிவளையத்திலும் சேர்த்து ஒரு நேர்க்கோடு கீறி ஒருமுறை ஓடிவிட்டு வந்து பார்த்தால், கோடு விலகியிருக்கிறதா என்பது தெரியும்.

கடல்நீர் அரிப்பைத் தான் ஏற்றுக் கியர்ப் பெட்டியைக் காக்கும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்தால் மாற்றவேண்டும். அதற்குப் பெயின்ற் பூசினால் அது வேலை செய்யாது, கியர்ப் பெட்டி அதற்குப் பதிலாகக் கரையும்.

உதிரிப்பாகம் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. யமஹாவின் பாக இலக்கத்தில் நடுவிலுள்ள ஐந்து இலக்கம் பாகத்தின் வகையைக் காட்டும். 44352 என்றால் இம்பெல்லர். முன்னாலுள்ள மூன்று எழுத்து எந்த மாதிரி இயந்திரத்துக்கு என்பதைக் காட்டும். கடையில் '15 க்கு உள்ளது' என்று கேட்காமல் இந்த இலக்கத்தை எழுதிக்கொண்டு போங்கள். போலி இம்பெல்லரில் நடுவிலுள்ள உலோக வளையத்திலிருந்து றப்பர் கழன்று, தண்டு சுற்ற மடல் நிற்கும். வெளியே பார்க்க எல்லாம் நன்றாகவே இருக்கும். வாங்கும்போது வளையத்தைப் பிடித்து றப்பரை முறுக்கிப் பாருங்கள்.

மேலே சொன்னவற்றில் பாதிக்குக் கருவி வேண்டும். அமுக்கமானி, இடைவெளிமானி, முறுக்குவிசைச் சாவி, சிலிண்டர் விட்டமானி, சக்கர இழுப்பான், கியர்ப் பெட்டிக்கான காற்றழுத்தமானி, ஓம்மானி. ஒரு குடும்பம் தனியாக வாங்க முடியாது. ஒவ்வொரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் ஒரு தொகுதி வாங்கிப் பொறுப்பான ஒருவரிடம் வைத்தால், அந்தக் கரையின் படகுகள் அனைத்துக்கும் போதும். வெளியிணைப்பு இயந்திரம் பற்றிய பயிற்சியை நடத்தக்கூடிய நிலையில் சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண நிலையம் இருக்கிறது. சங்கங்கள் சேர்ந்து கேட்டால், கருவியைக் கையாள இரண்டு நாள் வகுப்பை மயிலிட்டியிலோ பருத்தித்துறையிலோ வைப்பது கடினமான காரியமல்ல. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு அட்டை எழுதி, இரண்டு சிலிண்டரின் அமுக்க எண், இம்பெல்லர் மாற்றிய திகதி, கியர் ஒயிலின் நிறம் ஆகிய மூன்றையும் பதிந்துவைத்தால், அடுத்த ஆண்டு எந்தத் திருத்துநரிடம் போனாலும் அவர் ஊகித்து வேலை செய்ய வேண்டியிராது.

இதைச் செய்வதற்குச் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்றுத் தணிந்து வாடை எழும்புவதற்கு இடைப்பட்ட புரட்டாதி மாதமே ஏற்ற காலம். சங்கங்களின் தலைவர்களும் கடற்றொழில் பரிசோதகர்களும் இக்கடிதத்தைப் படித்தால், இந்தப் புரட்டாதிக்குள் ஒரு கரையிலாவது கருவித் தொகுதியை வாங்கி, வேலையைத் தொடங்கிவிடும்படி கேட்கிறோம். கருவியைப் பாவிக்கக் காட்டிக்கொடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களால் கூலியின்றி வரமுடியும்.

இப்படிக்கு,
படகு இயந்திரத் திருத்துநர்கள் சிலர்,
வடமராட்சி.